ஒரு எம்பி என்ன விலை?

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குச் சின்ன வயதில் தாத்தாவோடு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அங்கே விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தரகர் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார். வாங்க வந்தவரின் கை அந்தத் துண்டுக்குள்ளே போகும். விரலைப் பிடித்தே பேரம் முடிந்துவிடும். அதே மாதிரி மாட்டைப் பக்கத்து ஆள் என்ன விலைக்குப் பிடித்தார் என்பது கடைசி வரைக்கும் தெரியாது.

பிற்பாடு வேலைக்காக இணைய டிரான்ஸிட், அதாவது மொத்த விலை இணைய இணைப்பு, வாங்கப் போனபோது அந்தத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. இந்தத் தொழிலில் அதற்கு என்டிஏ என்று பெயர்: விலையை வெளியே சொல்வதில்லை என்ற ஒப்பந்தம். ஒரே கட்டடத்தில் ஒரே நிறுவனத்திடம் 10 ஜி போர்ட் (நொடிக்கு 10 ஜிகாபிட் போகிற இணைப்பு வாய்) எடுக்கிற இரண்டு பேர் இரண்டு விலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். டீக்கடையில் பார்த்து, "உங்களுக்கு எம்பி எவ்வளவுக்குப் போட்டாங்க?" என்று கேட்டால் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். எம்பி என்றால் நொடிக்கு ஒரு மெகாபிட் வேகம்; மாத விலை பேசுவது அதற்குத்தான்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறவன். வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கிறோம். நிலக்கோட்டை, வத்தலகுண்டு வட்டாரத்துக் கேபிள்காரர்கள்தான் எங்கள் பங்காளிகள். பங்காளி என்றால் பங்காளிச் சண்டையும் சேர்த்துத்தான். எங்களுக்கு மேலே இருந்து இணையத்தைத் தருகிற பெரிய நிறுவனம் அப்ஸ்ட்ரீம். அவர்கள் விற்கிற சரக்கின் பெயர் டிரான்ஸிட்: உன் பாக்கெட்டை (தரவுத் துண்டை) உலகத்தின் எந்த மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், உன் முகவரிகளை உலகத்துக்கெல்லாம் சொல்கிறேன், அதற்கு மாதம் இவ்வளவு கொடு. பியரிங் வேறு. அது, உன் வீட்டுக்கு வருவதை நீ வாங்கிக்கொள், என் வீட்டுக்கு வருவதை நான் வாங்கிக்கொள்கிறேன் என்ற கைமாற்று. பெரும்பாலும் காசு கிடையாது. ஆனால் மூன்றாம் வீட்டுக்கு வழி கிடைக்காது.

இப்போது எங்கள் வாடிக்கையாளர்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் டிரான்ஸிட்டில் வருவதே இல்லை. யூடியூப், இன்ஸ்டாகிராம், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சென்னையில் யாரோ ஒருவருடைய ரேக்கில் இருக்கும் கேஷ் சர்வரிலிருந்தோ (பிரதியை வைத்திருக்கும் கணினி) எக்ஸ்சேஞ்ச் (பல நெட்வொர்க்குகள் சந்தித்துப் பியரிங் செய்யும் இடம்) வழியாகவோ வந்துவிடுகிறது. டிரான்ஸிட்டில் போவது மிச்சம் மீதி: ஐடி கம்பெனிக்காரர் ஆபீஸோடு இணைகிற விபிஎன், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ கால், ஏதோ ஒரு கல்லூரியின் ஆன்லைன் தேர்வு, கேம். அளவில் சின்னதுதான். ஆனால் யூடியூப் சுற்றினால் பேசாமல் இருக்கிறவர்கூட, விபிஎன் அறுந்தால் உடனே போன் போடுகிறார். எங்களுக்கு வருகிற வசவில் பெரும்பங்கு இந்த மிச்சம் மீதியிலிருந்துதான் வருகிறது.

இந்தச் சரக்கின் விலை விழுந்த வேகத்தைப் பார்த்தால் தக்காளி விலையெல்லாம் ஒன்றுமே இல்லை. வில்லியம் நார்ட்டன் என்பவர் அமெரிக்க டிரான்ஸிட் விலைகளை ஆண்டுவாரியாகத் தொகுத்தார். அவர் கணக்கில் 1998-இல் ஒரு எம்பிக்கு மாதம் 1,200 டாலர். 2005-இல் 75 டாலர். 2010-இல் 5 டாலர். 2015-இல் 63 சென்ட். அப்படியிருக்க ஒருவர் இன்னொருவரைவிட மலிவாகத் தருகிறார் என்றவுடன் மோசடி என்று நினைக்க வேண்டியதில்லை.

மலிவுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கோஜென்ட் 1999-இல் தொடங்கிய அமெரிக்க டிரான்ஸிட் நிறுவனம். இணைய நிறுவனங்களின் பங்கு விலை ஊதிப் பெருத்த டாட்காம் குமிழி உடைந்து பெரிய பெரிய நெட்வொர்க்குகள் திவாலான நேரத்தில் அவற்றைச் சல்லிசாக வாங்கிப் போட்டது. பிஎஸ்ஐநெட் என்ற இணைய நிறுவனத்தின் சொத்தில் பெரும்பகுதி 2002-இல் அப்படித்தான் அதன் கைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் 1994-இல் தொடங்கிய ஹரிகேன் எலக்ட்ரிக்கின் வழி வேறு. உலகத்தில் எங்கே எக்ஸ்சேஞ்ச் இருந்தாலும் போய் உட்கார்ந்துகொண்டு, பியரிங் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தது. காசு கொடுத்து அனுப்ப வேண்டிய பாக்கெட் குறைந்தால் விலையும் குறையும். இரண்டுமே நேர்மையான மலிவுதான்.

ஆனால் லாபம் மெலிய மெலிய எங்கோ ஒரு இடத்தில் கை சுருங்கும். அது எந்த இடம் என்பது கொட்டேஷனில் இருக்காது. நான் அதைத் தெரிந்துகொண்டது ஒரு பையனால்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏற்கெனவே இருந்த அப்ஸ்ட்ரீமோடு இரண்டாவதாக ஒருவரைச் சேர்க்க முடிவு செய்தோம். வந்த கொட்டேஷன்களில் ஒன்று, மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெயர் வேண்டாம். வந்த விற்பனைப் பிரதிநிதி நல்ல மனிதர். "சென்னையிலேயே நமக்கு பாப் இருக்கு சார், அங்கேயே கை மாத்திடலாம்" என்றார். பாப் என்றால் நெட்வொர்க் நம்மை வந்து சந்திக்கிற இடம். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பு) எத்தனை வருகிறது என்று பார்த்தேன், ஸ்பீட் டெஸ்ட் போட்டேன், எல்லாம் பச்சை. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. விலை குறைந்த குஷியில் டிராஃபிக்கில் முக்கால்வாசியை அதன் பக்கம் திருப்பியும் விட்டேன்.

பத்து நாள் கழித்து வத்தலகுண்டுக் கேபிள்காரர் கூப்பிட்டார். "தம்பி, ஒரு பையன் கடையில வந்து உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான். பிங்கு பிங்குங்கிறான். நீயே பேசு."

பிங் என்பது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம். பையன் பிளஸ் டூ படிக்கிறான். பேச்சு தெளிவாக இருந்தது. அவன் விளையாடும் கேமுக்குச் சென்னையிலேயே சர்வர் இருக்கிறது. போன மாதம் வரைக்கும் 9, 10 மில்லிசெகண்ட். இப்போது 56. "அண்ணா, மும்பை சர்வரே 33 காட்டுது. சென்னை எப்படிண்ணா மும்பையைவிட தூரமாச்சு?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்க்கிறேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்புவதைக் கணக்கிட்டால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். தொழிலில் இதைவிடப் பயனுள்ள வாய்ப்பாடு எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,200 கிலோமீட்டர் சொச்சம்; ஆகவே 32, 33 மில்லிசெகண்ட் வரும், வந்தாக வேண்டும். சிங்கப்பூருக்கு 70 காட்டினால் பாக்கெட் வேறெங்கோ தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது. திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு எங்கள் வழியில் எட்டு. சென்னையிலிருந்து மும்பைக்கு 24. எட்டும் இருபத்துநாலும் மறுபடி இருபத்துநாலும் கூட்டினால் ஐம்பத்தாறு. பையன் சொன்ன எண் அப்படியே வந்து நின்றது.

ரவுட்டரைத் திறந்து, வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட்கூடப் போடாமல், அந்த அப்ஸ்ட்ரீமின் பிஜிபி நெய்பர் (எங்களோடு ரூட்களைப் பரிமாறிக்கொள்கிற ரவுட்டர்) முகவரிக்கு மட்டும் ஒரு பிங் போட்டேன். 32. எங்கள் கேபிள் போய்ச் சொருகியிருக்கிற இடம் சென்னை. அடுத்த முனையில் பேசுகிற ரவுட்டர் 32 மில்லிசெகண்ட் தள்ளி இருந்தது. சென்னையில் அவர்களுக்கு இருந்தது ஒரு ஸ்விட்ச் மட்டும். அங்கிருந்து லேயர் 2-வில், அதாவது நடுவில் ரவுட்டரே இல்லாத நீண்ட கம்பி மாதிரி, இழுத்துக்கொண்டு போய் மும்பை ரவுட்டரில் முடித்திருந்தார்கள். பாப் இருக்கிறது என்று பிரதிநிதி சொன்னது பொய்யும் இல்லை. பிளக் பாயின்ட் இருந்தது, வீடு மும்பையில் இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு பிங்கைப் போட ஐந்து நொடி ஆகியிருக்கும். இணையத்தின் பத்து லட்சம் ரூட்டையும் எண்ணிப் பார்த்தவன் வாசல்படியைப் பார்க்காமல் விட்டேன்.

அதற்கப்புறம் எந்த அப்ஸ்ட்ரீமைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இவர்கள் வழியாக எங்கே போக முடியாது என்பதுதான். எங்கே போகலாம் என்பதை அவர்களே படம் போட்டுக் காட்டிவிடுவார்கள். உலக வரைபடத்தில் வண்ணக் கோடுகள். போக முடியாத இடத்தை எந்தக் கம்பெனியும் படம் போடுவதில்லை.

ஐபிவி6 (இணைய முகவரிகளின் புது முறை; பழையது ஐபிவி4) உலகத்தில் கோஜென்ட் வழியாக ஹரிகேன் எலக்ட்ரிக்குக்குப் போக முடியாது. மேலே மலிவுக்குச் சொன்ன அதே இரண்டு பெயர்கள்தான். ஐபிவி6-இல் பியரிங் வைத்துக்கொள்ள கோஜென்ட் ஒத்துக்கொள்ளவில்லை. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் நடந்த, வட அமெரிக்க நெட்வொர்க் இன்ஜினியர்களின் நானோக் கூட்டத்துக்கு ஹரிகேன் எலக்ட்ரிக் ஒரு பெரிய கேக்கைக் கொண்டுபோய் வைத்தது. தயவுசெய்து எங்களோடு ஐபிவி6-இல் பியரிங் செய்யுங்கள் என்று கோஜென்ட்டைக் கேட்டுக் கிரீமால் எழுதியிருந்தது. கூடியிருந்த இன்ஜினியர்கள் கேக்கை வெட்டித் தின்றார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் பியரிங் வரவில்லை. இவர்களில் ஒருவரை மட்டும் நம்பி ஐபிவி6 கொடுத்தால், இணையத்தின் ஒரு பகுதி உங்கள் வாடிக்கையாளருக்கு இல்லவே இல்லை. கூகுளுக்கே இது நடந்தது: 2016 பிப்ரவரியில் கோஜென்ட் வழியாக ஐபிவி6-இல் கூகுளுக்குப் போக முடியாமல் போனது.

ஐபிவி4-இலும் இந்த மாதிரி வெட்டுக்குத்துக்குக் குறைவில்லை. 2005 அக்டோபரில் லெவல் 3 என்ற பெரிய நிறுவனம் கோஜென்ட்டைத் துண்டித்தது. 2008 மார்ச்சில் கோஜென்ட்டுக்கும் டெலியா என்ற நிறுவனத்துக்கும் இரண்டு வாரம் இணைப்பு இல்லை. அதே வருடம் அக்டோபர் கடைசியில் ஸ்பிரிண்ட் கோஜென்ட்டைத் துண்டித்தது. 2024 மே மாதத்தில் நம் வாசலுக்கே வந்தது: கோஜென்ட் டாடா கம்யூனிகேஷன்ஸுடனான பியரிங்கை அறுத்தது. இரண்டுமே யாரிடமும் டிரான்ஸிட் வாங்காத நிறுவனங்கள். நேர்வழி அறுந்தால் சுற்றுவழி கிடையாது. டாடாவை மட்டும் நம்பியிருந்தவரும் கோஜென்ட்டை மட்டும் நம்பியிருந்தவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது.

"நாங்க டயர் 1 சார்" என்று பிரதிநிதிகள் நெஞ்சை நிமிர்த்தும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். டயர் 1 என்பதற்கு அர்த்தம், யாரிடமும் வாங்குவதில்லை என்பது. கௌரவமான விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டை வந்தால் அவர்கள் ரூட் அட்டவணையில்தான் ஓட்டை விழும். இரண்டு இடத்தில் வாங்கி விற்கிற டயர் 2-வுக்கு அந்த ஓட்டை தெரியக்கூடத் தெரியாது. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு, ஒரே ஒரு அப்ஸ்ட்ரீம்தான் என்றால், நான் டயர் 2-வைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு அப்ஸ்ட்ரீமிடமிருந்தும் முழு அட்டவணையை வாங்கி, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ரூட்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் போதும். மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒருவரிடம் பத்தாயிரம் அதிகம் இருக்கும். அத்தனையும் ஒரே முகவரியைத் துண்டு துண்டாக வெட்டி அறிவித்த குப்பையாக இருக்கும். இன்னொருவரிடம் முந்நூறு குறையும்; அந்த முந்நூறில் உங்கள் ஊர் ஐடி கம்பெனியின் விபிஎன் இருக்கும். இங்கே ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்களிடம் இருந்தது மைக்ரோடிக் சிசிஆர் 1036 என்ற ரவுட்டர். பெயருக்கு 36 கோர், அதாவது 36 மூளை. அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 6-இல் பிஜிபி ஒரே ஒரு கோரில்தான் ஓடும். முழு அட்டவணை ஏறி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதுவரை மற்ற 35 பேரும் கல்யாண வீட்டில் வேலை செய்யாத மாப்பிள்ளை வீட்டார் போல உட்கார்ந்திருப்பார்கள்.

வழி இருந்தும் போக முடியாத இடங்கள் இன்னொரு ரகம். அட்டவணையில் ரூட் இருக்கும், பிங் போகும், காலையில் எல்லாம் சுகம். ராத்திரி எட்டரைக்கு மேல் மூச்சுத் திணறும். இரண்டு நெட்வொர்க்குகள் சந்திக்கிற போர்ட் நிரம்பிவிட்டது, அதைப் பெரிதாக்குவது யார் செலவு என்று இருவரும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் 2013, 2014-இல் நடந்த சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களைக் கோஜென்ட் போன்ற டிரான்ஸிட் நிறுவனங்கள் வழியாக அனுப்பியது. வீட்டு இணையம் விற்ற காம்காஸ்ட், வெரைசன் பக்கத்துப் போர்ட்கள் மாலையில் பிதுங்கின. கூடுதல் போர்ட் போட யாரும் முதலில் குனியவில்லை. கடைசியில் 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் காம்காஸ்ட்டுக்கே காசு கொடுத்து நேராக இணைத்துக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் படம் சுற்றியது, வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எதுவும் தெரியாது.

ஆகவே சோதனைக்குப் பதினைந்து நாள் கேட்டு வாங்குங்கள் என்பேன். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இருக்க வேண்டும். கிரிக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த மாதிரி ராத்திரியில் ஒரு நெட்வொர்க் எப்படி இருக்கிறது என்பது பகல் பதினோரு மணி ஸ்பீட் டெஸ்டில் தெரியாது. நான் தொடர்ந்து பிங் போட்டுப் படம் வரைகிற ஸ்மோக்பிங்கில் இருபது முப்பது முகவரிகளைப் போட்டு ஓடவிட்டுவிடுவேன்: பக்கத்து ஊர் நெட்வொர்க் ஒன்று, மும்பை, சிங்கப்பூர், ஃப்ராங்க்ஃபர்ட், துபாய், எங்கள் வாடிக்கையாளர்களின் ஆபீஸ் விபிஎன்கள். பக்கத்து ஊர் முக்கியம். கோயம்புத்தூரில் இருக்கிற நெட்வொர்க்குக்குப் போகச் சிங்கப்பூர் கடலைத் தாண்டிப்போய் வருகிற பாக்கெட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் தொடர்ந்து பிங் பண்ணும் எம்டிஆர் போடுகிற புதுப் பையன்களுக்கு ஒரு வார்த்தை. நடுவில் ஒரு ஹாப்பில், அதாவது ரவுட்டரில், 40 சதவீதம் லாஸ் (பாக்கெட் தொலைவது) காட்டுகிறது, அதற்கு அடுத்த ஹாப்பிலிருந்து கடைசி வரைக்கும் சுத்தமாக இருக்கிறது என்றால் அது லாஸ் இல்லை. அந்த ரவுட்டருக்கு உங்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான். பாக்கெட்டை ஒழுங்காகத்தான் கடத்துகிறது. இதைப் படம்பிடித்து அனுப்பி, அப்ஸ்ட்ரீமின் நாக், அதாவது நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் அறையோடு சண்டை போட்டு மானம் போன அனுபவம் எனக்கு உண்டு.

நாக் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒப்பந்தத்துக்கு முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, எடுப்பவருக்கு பிஜிபி என்றால் தெரிகிறதா, இல்லை டிக்கெட் நம்பர் மட்டும் கொடுத்து வைத்துவிடுகிறாரா. மலிவு விலைக்காரர்கள் கையைச் சுருக்குகிற முதல் இடம் பெரும்பாலும் இந்த ராத்திரி ஷிஃப்ட்தான்.

அவர்களிடம் நேராகவே கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: பிளாக்ஹோல் கம்யூனிட்டி. எங்களைப் போன்ற வீட்டு நெட்வொர்க்குகளில் டிடாஸ் தாக்குதல் (ஒரு முகவரியைக் குப்பை டிராஃபிக்கால் மூழ்கடிப்பது) என்றால் ஏதோ சர்வதேசச் சதி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கேமில் தோற்ற ஒருவன், ஜெயித்தவனை அடிக்கக் காசு கொடுத்து ஏவியதாக இருக்கும். அடி விழுவது ஒரு வீட்டு முகவரிக்கு, மூழ்குவது மொத்த போர்ட்டும். அந்த ஒரு முகவரியை மட்டும் அப்ஸ்ட்ரீமின் எல்லையிலேயே கொட்டிவிடச் சொல்வதற்கு ஒரு அடையாள எண் உண்டு. 65535:666 என்று 2016-இல் பொதுவாக வரையறுத்துவிட்டார்கள். "இருக்கு சார்" என்பார்கள். சோதனைக் காலத்திலேயே ஒரு காலி முகவரியை வைத்து அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வாடிக்கையாளர்கள் அறிவிக்கும் ரூட்களை அவர்கள் வடிகட்டுகிறார்களா என்பது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், அரசு உத்தரவுப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க ஒரு பொய் ரூட் போட்டது. அது வெளியே கசிந்தது. அதன் அப்ஸ்ட்ரீமான பிசிசிடபிள்யூ, இது உன் முகவரியா என்று கேட்காமல் உலகத்துக்கு அனுப்பிவிட்டது. ஏறக்குறைய இரண்டு மணிநேரம் யூடியூப் உலகத்தின் பெரும்பகுதிக்குக் காணாமல் போனது. இப்போது, முகவரி அறிவிப்பவருடையதுதானா என்று சரிபார்க்கும் ஆர்பிகேஐ இருக்கிறது. பெரிய டிரான்ஸிட் நிறுவனங்கள் பல 2020 வாக்கில் தவறான ரூட்களைத் தள்ளிவிட ஆரம்பித்துவிட்டன. நாமும் இந்தியாவில் முகவரி தரும் அமைப்பான ஐரினிடம் வாங்கிய முகவரிகளுக்கு ஆர்ஓஏ (எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம் என்ற சான்று) போட்டு வைத்திருக்க வேண்டும். போடாமல் அப்ஸ்ட்ரீமைக் குறை சொல்வது நியாயமில்லை.

விலைக்கு வருவோம், ஏனென்றால் முதலாளி கேட்பது அதைத்தான்.

எம்பி விலை என்று சொன்னாலும் எந்த எம்பி என்பதில் சூட்சுமம் இருக்கிறது. போர்ட்டுக்கு இவ்வளவு என்று கட்டித் தந்தால் குழப்பமில்லை. 95-வது பெர்சென்டைல் என்றால் கொஞ்சம் பேனாவை எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிராஃபிக்கை அளப்பார்கள். முப்பது நாள் மாதத்தில் 8,640 அளவுகள். உச்சியிலிருந்து ஐந்து சதவீதத்தை, அதாவது 432 அளவுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்பதற்குப் பில். 432 என்பது 36 மணிநேரம். "மாசத்துல 36 மணிநேரம் பீக் ஃப்ரீ சார்!" என்று பிரதிநிதி சொல்லும்போது கேட்க இனிக்கும். ஆபீஸ்களுக்கும் எப்போதாவது பேக்கப் எடுக்கிற கம்பெனிகளுக்கும் அது உண்மையிலேயே லாபம். வீட்டு இணையத்துக்கு? ராத்திரி ஏழரையிலிருந்து பதினொன்றரை வரைக்கும் தினமும் உச்சம். நாலு மணிநேரம், முப்பது நாள், 120 மணிநேரம். அதில் 36 போனால் என்ன, மிச்சம் 84 மணிநேரம் உச்சத்திலேயே நிற்கிறது. நாம் கட்டுவது கிட்டத்தட்ட பீக் விலையேதான்.

எஸ்எல்ஏவும் (இணைப்பு இத்தனை சதவீத நேரம் இருக்கும் என்ற உறுதி) அதே மாதிரி. 99.9 சதவீதம் என்றால் மாதத்தில் 43 நிமிடம் படுக்கலாம். 99.5 என்றால் மூன்றரை மணிநேரத்துக்கு மேல். வித்தியாசம் காகிதத்தில் அரை சதவீதம்கூட இல்லை. அதை மீறினால் நஷ்டஈடு தருவார்கள்: படுத்த நேரத்துக்கான வாடகை. ஒரு மணிநேரம் போனால் மாத பில்லில் 720-இல் ஒரு பங்கு. அந்த ஒரு மணிநேரத்தில் கேபிள்காரர்களிடம் நான் வாங்கும் திட்டுக்கு அதில் டீக்காசு தேறாது. எஸ்எல்ஏ அளவெடுப்பது அவர்களின் நெட்வொர்க் எல்லை வரைக்கும்தான் என்ற வரியும் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். அவர்கள் எல்லைக்கு அப்பால் போர்ட் நிரம்பிக் கிடந்தால் எஸ்எல்ஏ பிரகாரம் எல்லாம் நலம்.

விலை அதிகம் கொடுத்தால் நிம்மதி என்றும் நான் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று விழுந்தது மலிவு நெட்வொர்க் இல்லை. செஞ்சுரிலிங்க், பழைய லெவல் 3-இன் ஏஎஸ் 3356 (ஏஎஸ் என்பது ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்), உலகின் மிகப் பெரிய முதுகெலும்புகளில் ஒன்று. ஒரு தப்பான ஃபுளோஸ்பெக் விதி (டிராஃபிக்கை வடிகட்டச் சொல்லும் கட்டளை) உள்ளுக்குள் பரவி பிஜிபியையே அடைத்துவிட்டது. ஐந்து மணிநேரம். அதில் கொடுமை என்னவென்றால், சரி, இவர்கள் வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் செஷனை மூடிய பிறகும், அவர்களின் முகவரிகளை அந்த நெட்வொர்க் உலகத்துக்கு அறிவித்துக்கொண்டே இருந்தது. கழுத்தைப் பிடித்தவன் கையை விடவில்லை. இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருந்தவர்களும் அன்றைக்குத் தவித்தார்கள்.

இரண்டு வைத்திருப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஏஎஸ் பாத்தை (பாக்கெட் போகிற நெட்வொர்க் எண்களின் வரிசையை) பார்த்தால் நம் அப்ஸ்ட்ரீம்கள் இருவருக்கும் அடுத்து நிற்கிற எண் ஒன்றாகவே இருக்கலாம். இரண்டு கடையும் ஒரே கிடங்கில் வாங்குகிறார்கள். எங்களுக்கு நடந்தது அதைவிடக் கீழே, மண்ணுக்குள். ஒரு நாள் மதியம் நாலுவழிச் சாலையோரம் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டியது. இரண்டு அப்ஸ்ட்ரீமும் ஒன்றாகப் போனது. இரண்டு நிறுவனம், இரண்டு பில், இரண்டு நாக். ஃபைபர் மட்டும் ஒரே குழியில் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தது. நான் போய்ப் பார்த்தபோது ஸ்பிளைசிங் பண்ண வந்த இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே குடைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கொட்டேஷனோடு ஃபைபர் போகும் பாதையின் கேஎம்எல் வரைபடக் கோப்பையும் கேட்கிறேன். தருகிறவர்கள் குறைவு. தந்தவருக்கு மதிப்பெண் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.

அந்த மும்பை அப்ஸ்ட்ரீம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முறித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருட ஒப்பந்தம், முறித்தால் அபராதம். உட்கார்ந்து யோசித்ததில் அதன் குணம் புரிந்தது: மும்பை, மேற்கு, ஐரோப்பா எல்லாம் அது வழியாக நன்றாகவே போயிற்று. சென்னையும் கிழக்கும்தான் கேவலம். பழைய அப்ஸ்ட்ரீமுக்கு அப்படியே நேரெதிர் குணம். லோக்கல் பிரிஃபரன்ஸை (எந்த வழிக்கு முன்னுரிமை என்று நம் ரவுட்டருக்குச் சொல்லும் எண்) வைத்துச் சென்னை, சிங்கப்பூர் பக்கத்து ரூட்களைப் பழையவர் பக்கமும் மற்றதை இவர் பக்கமும் பிரித்துவிட்டேன். திரும்பி வருகிற பாதைக்கு பிரிபென்ட் போட்டு (ஒரு பாதையை நீளமாகக் காட்டி) ஓரளவு சரிகட்டினேன். அது முழுதாக நம் கையில் இல்லை. கமிட்டை (மாதம் குறைந்தது இவ்வளவு வாங்குவோம் என்ற அளவை) மட்டும் குறைக்கச் சொல்லிக் கெஞ்சி, பாதியாக்கினோம். அந்த விலைக்கு அது நல்ல சரக்குதான். என் தப்பு, அதை எல்லாவற்றுக்கும் நம்பியது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இது காசு கொடுத்துப் பிடிக்கிற மாடு.

போன வாரம் ஒப்பந்தம் முடிகிற நேரம் பார்த்து ஒரு புது நிறுவனத்தின் கொட்டேஷன் வந்தது. இப்போது கொடுப்பதைவிடவும் குறைவு. முதல் வரியிலேயே எம்பி விலை, தடித்த எழுத்தில். கீழே, "சென்னையில் சொந்த பாப்". முதலாளி அதை எனக்கு அனுப்பி, "என்னப்பா, பாக்கலாமா?" என்று கேட்டிருந்தார். நான் அந்த நிறுவனத்துக்கு ஒரு வரி மெயில் போட்டேன்: உங்கள் சென்னை ரவுட்டரின் ஐபி முகவரியைத் தாருங்கள், ஒரு பிங் போட வேண்டும்.

இன்றைக்கு நாலாவது நாள். "டெக்னிகல் டீம் கிட்ட கேட்டுட்டு இருக்கேன் சார்" என்று பிரதிநிதியிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது.